கெக்குக்குள் காற்று எதற்கு?

டர்பனில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிற நம் தம்பிகளுக்கு ஒரு விஷயம். கார்பன் டை ஆக்சைடு கனமான வாயு, காலி கெக்குக்குள் (பியரை அடைத்து வைக்கும் உலோகப் பீப்பாய்) கொஞ்சம் விட்டால் அடியில் படிந்து காற்றை மேலே தள்ளிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடக்காது. வாயுக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், ஆக்சிஜன் உள்ளேயே தங்கும்.

அந்த வாயுவை அழுத்தமானியில் 2 பார் காட்டும் வரை ஏற்றித் திறந்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்காகும். காற்றில் இருக்கும் 21 சதவீத ஆக்சிஜன் மூன்று தடவைக்குப் பிறகும் 0.8 சதவீத அளவில்தான் நிற்கும். ஹாப்ஸ் (பியருக்கு மணமும் கசப்பும் தரும் பூ) நிறையப் போட்ட பியருக்கு அது ரொம்ப அதிகம், மணம் போய் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும், அதுவும் நம்ம ஊர் டிசம்பர் சூட்டில் சீக்கிரமே.

அதனால் 19 லிட்டர் கெக்கைக் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் விளிம்பு வரை நிரப்பி, மூடிவிட்டு, வாயுவால் அந்தத் தண்ணீர் முழுவதையும் வெளியே தள்ளுங்கள். சுமார் 40 கிராம் வாயு போதும். சிலிண்டர் செலவு கூட வேண்டாம் என்றால், நொதிக்கும்போது வருகிற வாயுவையே குழாய் போட்டு அதற்குள் விடலாம், 20 லிட்டர் பியரில் நூற்றுக்கணக்கான லிட்டர் வரும். அப்புறம், கராஜ் கதவைத் திறந்து வைத்தே செய்யுங்கள், மூடிய அறையில் இந்த வாயு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.