தேன் கடைப் பேருக்கு 75 நாள் காவல்

மார்த்தாண்டம் பக்கம் தேன் யாவாரம் செய்யும் எங்க மாமாவுக்கு ஒரு டாட் காம் இணைய முகவரி இருந்தது. 'இருந்தது' என்பதே தப்புதான். சில வருசம் முன்னால் வெப்சைட் செய்துகொடுத்த பையன், அதைத் தன் பேரிலும் தன் ஈமெயிலிலும் பதிவு செய்துவிட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவன் மறந்துபோன பெட்டியில் விழுந்தன. 2025 ஜனவரி 6 அன்று காலாவதி. பொங்கல் கழிந்து தக்கலையிலிருந்து வழக்கமாக வாங்கும் ஒருவர், "உங்க சைட்டத் திறந்தா வேற ஆளுக்க தேன் விளம்பரம் வருதே" என்று போன் செய்தபோதுதான் எங்களுக்கே தெரியும்.

ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கிற காலம் அது. துளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் எங்க பக்கத்துத் தேனீக்கள் பெரும்பாலும் தேனாக்கும். அதாவது சீசன் வாசலில் நிற்கிறது. அந்த முகவரி போட்ட லேபிள் 1500 அச்சடித்துக் கட்டுக்கட்டாக மேசையில் இருக்கிறது.

"வேற எவனாவது கொண்டு போகுமுன்ன நம்ம பேருல எழுதிரு மக்கா" என்றார் மாமா, என்னமோ பத்திர ஆபீஸ் மாதிரி.

"இது சொத்து இல்ல மாமா, வருசப் பாட்டம். பாட்டம் முடிஞ்சாலும் கொஞ்ச நாளைக்கு அவனுக்குத்தான் முதல் உரிமை."

இணையப் பேர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் தளத்தில் பேரைத் தேடினேன். காலாவதி தேதி 2026 என்று காட்டியது! அவன் கட்டிவிட்டான் என்று நினைத்து இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். கீழே நிலை என்ற இடத்தில் 'ஆட்டோ ரெனியூ பீரியட்' என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. டாட் காமில், காலாவதியான அன்றே எல்லாப் பேர்களையும் வைத்திருக்கும் மையப் பதிவேடு தானாக ஒரு வருசம் கூட்டிக் காட்டிவிடும். நாம் பணம் கட்டிப் பேர் வாங்கிய பதிவு நிறுவனம் 45 நாளுக்குள் பேரை நீக்கினால் அந்த வருசம் திரும்பக் கழியும். அதனால் தேதியைப் பார்க்காதீர்கள், நிலையைப் பாருங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மஸ்கட் பையனுக்கு வாட்ஸாப்பில் ஒன்பது முறை சொல்லியிருப்பேன். அந்த நாட்களில் அவன் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பித்திருக்கலாம். "பாஸ்வேர்ட் ஞாபகமில்ல அண்ணே, பார்த்துச் சொல்லுதேன்." பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இந்தக் கட்டத்திலேயே சில பதிவு நிறுவனங்கள் பேரை ஏலத்தில் வைக்கும். எங்கள் பேரும் ஏலத்துக்கு வந்தது. யாரும் கேட்கவில்லை. நீளமான தமிழ்ப் பேரை ஆங்கில எழுத்தில் எழுதினால் இப்படி ஒரு லாபம்.

பிப்ரவரி 15 அன்று நிலை 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்று மாறியது. இது 30 நாள். பழைய ஆள் மட்டும், கூடுதல் அபராதம் கட்டி மீட்கலாம். மாமாவின் நண்பர் ஒருவர் "கேஸ் போடுங்க" என்றார். விசாரித்தேன். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒற்றை நடுவர் வழக்குக்கு 1500 டாலர். அதுவும் வணிகச்சின்ன உரிமை இருந்தால்தான் நிற்கும். மாமாவிடம் இருந்தது லேபிள் மட்டும். இதற்கிடையே, 300 டாலர் தந்தால் உடனே எடுத்துத் தருகிறோம் என்று ஒரு மெயில். பழைய ஆளைத் தவிர யாராலும் எதுவும் செய்ய முடியாத காலத்தில் இப்படி ஒரு வாக்குறுதி! அழித்துவிட்டேன்.

மாமா சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு லேபிளிலும் முகவரிக்கு மேல் வெள்ளை ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி, போன் நம்பரை எழுதினார். பாதி ஸ்டிக்கர் கோணல்.

மார்ச் 17 அன்று 'பெண்டிங் டெலீட்', அதாவது நீக்கப்படக் காத்திருக்கிறது. இந்த 5 நாளில் பழைய ஆளாலும் மீட்க முடியாது. நாளை எண்ணினால் 22, சனிக்கிழமை. டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் கம்பெனி, நீக்கிய பேர்களை விடுவிப்பது அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி மதியம் 2 மணியிலிருந்து. அங்கே கோடைகால நேரம் தொடங்கியிருந்ததால் நமக்கு இரவு பதினொன்றரை. நல்ல பேராக இருந்தால் பிடிப்பதற்கென்றே இருக்கும் கம்பெனிகளின் கணினிகள் நொடியில் அள்ளிவிடும், கையால் முந்தவே முடியாது. அதனால் ஒரு கம்பெனியில் முன்பதிவும் போட்டேன், கிட்டினால் மட்டும் பணம். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

சனி ராத்திரி மாமா வீட்டுத் திண்ணையில் லேப்டாப். கட்டன்சாயா மூன்றாவது டம்ளர். பதினொன்றரைக்கு ஒன்றும் இல்லை. பன்னிரண்டுக்கும் இல்லை. மாமா, "கிட்டினா எழுப்பு" என்று படுக்கப் போய்விட்டார். பன்னிரண்டே காலுக்குத் தேடினால் 'கிடைக்கும்' என்றது. முன்பதிவுக் கம்பெனி இன்னும் அதை எடுக்கவில்லை! கார்டு மாமாவுடையது, ஓடிபி போகிற போன் அடுக்களையில் சார்ஜில் கிடந்தது. ஓடினேன். போனுக்கு லாக். எழுப்பினேன்.

"என்ன, ராணி வந்தாச்சா?" என்றார் தூக்கத்தில். பெட்டியில் ராணித் தேனீயைத் தேடுகிற கனவு போலிருக்கு.

ஓடிபி போட்டு 5 வருசத்துக்குப் பதிவு செய்தேன், மாமாவின் பேரில், மாமாவின் ஈமெயிலில். மறுநாள் காலை முன்பதிவுக் கம்பெனி மெயில் அனுப்பியிருந்தது: "உங்கள் பேரை இன்னொருவர் எடுத்துவிட்டார், வருந்துகிறோம்."

திங்கள் சாயங்காலம் ஸ்டிக்கரை உரிக்க உட்கார்ந்தோம். பசையோடு முகவரியும் சேர்ந்து கிழிந்தது. நாலு பாட்டில் பார்த்துவிட்டு மாமா எழுந்தார்.

"விடு, இந்தத் தேன் தீரட்டும்."