ஜூன், இன்வெரல், ஆஸ்திரேலியா

ஜூன் 3, 2024. திங்கள்
ஃபோன் வரவில்லை.

ஜூன் 4
கடையில் எனக்கு முன்னால் நின்ற பூர்வகுடிப் பாட்டியின் பையை மட்டும் திறந்து காட்டச் சொன்னாள் பில் போடும் பெண். அடுத்து நான். என் பை இன்னும் பெரியது. சிரித்து அனுப்பிவிட்டாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜூன் 6
தூக்கமில்லை. மறுபடி மயால் கிரீக் வழக்கையே படித்துக்கொண்டிருந்தேன், இந்தப் பக்கத்தில் பூர்வகுடிகளைக் கொன்று குவித்த வழக்கு. 1838 ஜூன் 10, ஒரு ஞாயிறு. வாளும் துப்பாக்கியுமாகக் குதிரையில் ஆட்கள் வந்ததும் விர்ராயராய் என்ற பூர்வகுடி மக்கள் ஓடி ஒளிந்தது பண்ணைக் குடிசைக்குள். அங்கே மாடு பார்த்த கில்மைஸ்டர் அவர்களோடு ஆடிப்பாடிப் பழகியவன். அவனும் குதிரையேறினான், பன்னிரண்டாவது ஆளாக. வாலிபர்கள் எல்லாம் வேறு பண்ணைக்கு மரப்பட்டை உரிக்கப் போயிருந்த நேரம். சிக்கியது பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். குறைந்தது 28 பேர். நீளக் கயிறு ஒன்றில் கட்டி இழுத்துப் போனார்கள். கட்டாமல் விட்ட இரண்டு சின்னதுகள் அழுதுகொண்டே பின்னால் போயினவாம்.

சொன்னது ஆண்டர்சன், குடிசையைப் பார்த்துக்கொண்ட கைதி, பிரிட்டனிலிருந்து நாடுகடத்திப் பண்ணை வேலைக்கு விடப்பட்டவன். அவன் கூடப் போகவில்லை. தடுக்கவுமில்லை. ஆனால் பிறகு கோர்ட்டில் ஏறிச் சொன்னான். நான்?

ஜூன் 7
பாட்டி திரும்பிப் பார்க்கவே இல்லை. முறைத்திருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 8
முதல் ஜூரிக்குச் சுமார் 20 நிமிடம் போதுமாக இருந்தது. 11 பேரும் விடுதலை. மறு விசாரணையில் ஏழு பேருக்குத் தூக்கு, கில்மைஸ்டருக்கும். தலைமை தாங்கிய ஜான் ஃப்ளெமிங் சிக்கவே இல்லை. அவன் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. தொங்கியவர்கள் கைதிகளாக வந்தவர்கள். டேவி என்ற பூர்வகுடிப் பணியாளின் சாட்சியம் கோர்ட்டில் செல்லாது, பைபிள் மேல் சத்தியம் செய்யத் தெரியாதாம். மீதி நாலு பேரும் அப்படியே வெளியே வந்துவிட்டார்கள்.
ஃபோன் இல்லை. சனிக்கிழமை எவன் கூப்பிடுவான்.

ஜூன் 9. ஞாயிறு
மயால் கிரீக் நினைவிடத்துக்குப் போனேன். யூகலிப்டஸ் இலைப் புகை, ஊட்டித் தைல வாசனை. வளைந்து போகும் பாதை, பாறைகளில் அந்த மக்களின் கமிலராய் மொழியிலும் ஆங்கிலத்திலும் பலகைகள். செத்தவர்கள் வம்சம், கொன்றவர்கள் வம்சம் இரண்டும் வருகிற இடம். யார் எந்த வம்சமென்று முகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அசிங்கம்.
அங்கே சிக்னல் இல்லை. நிம்மதியாக இருந்தது.

ஜூன் 10
விடுமுறை. வராது. இருந்தும் ஃபோன் கையிலேயே.

ஜூன் 11
அதே கடை, அதே பெண். என் பையைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். வேண்டாம் என்றாள். "எனக்கு மட்டும் ஏன் வேண்டாம்?" என்றேன். குரல் நடுங்கியது. அவள் வாயைத் திறக்கும்போது ஃபோன் அடித்தது