கழுதை தின்ற புல்

பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் 1678-இல் வெளியிட்ட கதை ஒன்றை நேற்று ராத்திரி மறுபடி படித்தேன். காட்டில் கொள்ளைநோய். பெரிய பாவியைப் பலி கொடுத்தால் தணியும் என்று சபை கூட்டிய சிங்கம், தானே முதலில் ஒப்புக்கொள்கிறது: நிறைய ஆடுகளைத் தின்றேன், சில சமயம் மேய்ப்பனையும்.

நரி உடனே, "நீங்கள் தின்றது ஆடுகளுக்கல்லவா கௌரவம்!" என்கிறது. ஒரே கைதட்டல். புலி, கரடி பக்கம் யாரும் திரும்பக்கூட இல்லை.

கடைசியில் கழுதை. பசி, மடத்துப் புல்வெளி, ஒரு நாக்களவு மேய்ந்துவிட்டேன் என்கிறது. அவ்வளவுதான், கூட்டம் கொதித்து எழுகிறது. அடுத்தவர் புல்லைத் தின்பதா! கொஞ்சம் படித்த ஓநாய் ஒன்று வாதாடி, கழுதையின் கதையை முடித்து வைக்கிறது.

பேசாமல் இருந்திருக்கலாமே கழுதை என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். ஆனால் எழுதிய மனிதரும் சும்மா இருந்தவர் இல்லை. தன்னை ஆதரித்த நிதியமைச்சர் ஃபூக்கே 1661-இல் கைதான பிறகு, பலர் ஒதுங்க, இவர் பதினான்காம் லூயியிடம் கருணை கேட்டுக் கவிதை எழுதினார். ராஜா இரங்கவில்லை. ஃபூக்கே சிறையிலேயே செத்தார்.