ஒரே கரண்ட், வேற வேற கட்டி

குடியாத்தம் சித்தப்பாவுக்கும் கூட வரிசைல உக்காந்த ஆரணிக்காரருக்கும் ஒரே நுரையீரல் கேன்சர், ஒரே ஸ்டேஜ், ரெண்டு பேருக்கும் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வெச்சாங்க (வழக்கமா 60 கிரே, கிரேன்னா கதிரோட அளவு, 30 தடவையா பிரிச்சு 6 வாரம்), சித்தப்பாவுக்கு கட்டி நல்லா சுருங்கிச்சு ஆரணிக்காரருக்கு அவ்ளோவா இல்ல, உடனே எங்க ஆளுங்க அவரு பீடிய விடல அதான்னு ஆரம்பிச்சுட்டாங்க. பீடி கெடுதல்தான், யாரு இல்லன்னா? ஆனா கட்டியோட ஜீனும் காரணமா இருக்கலாம்ங்க. கதிர் உள்ள போய் ஃப்ரீ ராடிக்கல்ஸ (செல்ல தாக்கற மூலக்கூறுங்க) உண்டாக்கி டிஎன்ஏவ உடைக்குது, கீப்1ன்னு ஒரு ஜீன் கெட்டுப்போன கட்டில அது அடக்கி வெச்சிருக்கற என்ஆர்எஃப்2ங்கற புரதம் அடங்காம ஆடி ஆன்டிஆக்சிடன்ட்ட ஏத்திவிட்டு அந்த ராடிக்கல்ஸ அமுக்கிடும், செல்லு தப்பிச்சிடும். ஏடிஎம் ஜீன் பழுதானா தலைகீழ், உடைஞ்சத சரியா ரிப்பேர் பண்ண முடியாது, கதிருக்கு சீக்கிரம் மடங்கும். கட்டியோட ஜீன பாத்து ஆளுக்கேத்த டோஸ் குடுக்கறது இன்னும் ஆராய்ச்சி அளவுலதான் ஓடுது.