வளர்ப்புப் பராமரிப்பில் பெற்றவளுக்கு உள்ள இடம்

எங்கள் வீட்டில் ஒரு சிறுமி வளர்கிறாள் என்று சொன்னால், "தத்து எடுத்துவிட்டீர்களா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக வருகிறது. இல்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின் பேரில் அவள் எங்களிடம் வளர்ப்புப் பராமரிப்பில் (foster care) இருக்கிறாள். தத்துக் கொடுத்தால் பெற்றோருடனான சட்ட உறவு முடிந்துவிடும், இதில் முடிவதில்லை. கணவரை இழந்து, காசநோய்ச் சிகிச்சையில் இருந்த அவளுடைய அம்மா, தேறியதும் மகளை அழைத்துச் செல்வார் என்பதே ஏற்பாடு. (அவள் பெயரையோ ஊரையோ இங்கே எழுத மாட்டேன். அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் எழுத மாட்டேன்.)

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வீட்டைப் பார்க்க வந்த பெண் அலுவலர், வருமானச் சான்று, மருத்துவச் சான்று, குழந்தை படுக்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, "அவங்க அம்மா வந்து கூப்பிட்டா மனசோட அனுப்புவீங்களா, மேடம்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே மற்ற எல்லாச் சான்றுகளையும்விட அதிக எடை உண்டு என்பது இப்போது புரிகிறது.

வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் குழந்தையைப் பெற்றோர் குறிப்பிட்ட கால இடைவெளியில் வந்து பார்க்கலாம் என்றும், அது குழந்தையின் நலனுக்கு ஏற்றதல்ல என்று குழு கருதினால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் உரிமை நடைமுறையில் எவ்வளவு கூசிப்போகிறது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். முதல் முறை வந்தபோது அந்த அம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தான் பெற்ற மகளுக்குத் தலை வாரிவிட, "வாரலாமாக்கா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். அன்றைய கூலியை விட்டுவிட்டு, பேருந்துக் கட்டணத்தையும் தன் கையிலிருந்து போட்டுத்தான் அவர் வந்திருந்தார்.

குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. கணவரை இழந்தோ கடும் நோயுற்றோ இருக்கும் தாய், குழந்தையைத் தன்னிடமே வைத்து வளர்ப்பதற்கான நிதி ஆதரவும் அதே திட்டத்தில் அதே 4,000 ரூபாய்தான். ஆனால் அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்போகக் கூடாது. கிராமத்தில் ஒரு சித்தாள் மாதம் பதின்மூன்று நாள் ஐந்நூறு ரூபாய்க் கூலிக்குப் போனாலே வரம்பைத் தாண்டிவிடுவார். வருமானம் ஒன்றையே பார்த்து அந்தத் தாய்க்கு மறுக்கும் தொகையை, அவரைவிட எவ்வளவோ வசதியான எங்களைப் போன்றவர்களுக்கு அரசு தருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வளர்ப்புப் பராமரிப்புக்காக 2024-இல் திருத்தப்பட்ட மாதிரி வழிகாட்டுதல்கள், 35 வயதிலிருந்து 60 வயது வரையிலான, வாழ்க்கைத்துணை இல்லாத தனிநபர்களும் குழந்தையை ஏற்கலாம் என்றன. இது நல்ல மாற்றம். சட்டப்படி தத்துக்கு உரியதாக அறிவிக்கப்பட்ட குழந்தையை வளர்ப்புக் குடும்பமே தத்தெடுப்பதற்கான காத்திருப்பையும் ஐந்து ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைத்தன. யாருமே திரும்பி வராத பிள்ளைக்கு இது வரம்தான். ஆனால் நோயிலிருந்தும் கடனிலிருந்தும் எழுந்து வர வேண்டிய ஏழைத் தாய்க்கு இரண்டு ஆண்டு நீண்ட காலமல்ல. அந்தக் காலத்தில் குழந்தையின் மீது பாசம் வைத்துவிட்ட எங்களைப் போன்றோருக்கு, தாயின் வருகை குறைந்தால் நல்லது என்ற எண்ணம் தலைதூக்கக் கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவள் என்னைப் பெரியம்மா என்றே கூப்பிடட்டும் என்று நாங்கள் முதலிலேயே வைத்துக்கொண்டது அதற்காகத்தான்.

மாதந்தோறும் குழு நடத்த வேண்டிய ஆய்வில், குழந்தையைத் தனியே அழைத்துப் பேச வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். நான் பக்கத்தில் இருந்தால், "அம்மாகிட்ட போகணும்" என்று அவள் எப்படி வாய்விட்டுச் சொல்வாள்?

அம்மாவுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. வாடகைக்கு ஓர் அறையும் பார்த்திருக்கிறார். மகள் திரும்பிப் போகும் நாளிலிருந்தே நிதி ஆதரவு அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று அவரும் நானும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்த மனு, வருமானச் சான்றுக்காக இன்னும் நிலுவையில் இருக்கிறது.