வாசல் தளத்துக்குக் கூழாங்கல்: பாதி முடிந்தது

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டு வாசலில் இருக்கும் சிமெண்டுத் தளம், அப்பா தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வந்த புதிதில் போட்டது. இப்போது பாசி, எண்ணெய்க் கறை, குறுக்கே ஒரு வெடிப்பு. உடைத்துப் புதிதாகப் போட ஆள் கேட்ட கூலியில் தலை சுற்றியது. சரி, அதன் மேலேயே ரெசினில் (கல்லை ஒட்டவைக்கும் பிசின்) கூழாங்கல் குழைத்துப் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். முதலில் பாதி, 6 சதுர மீட்டர்.

15 மி.மீ. கனத்துக்கு, சதுர மீட்டருக்கு 25 கிலோ கல் மூட்டை ஒன்று பிடிக்கும். மூட்டைக்கு ரெசின் ஒன்றே முக்கால் கிலோ. ரெசின் வெயில் தாங்கும் அலிபாட்டிக் பாலியூரித்தேனா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான அரோமாட்டிக் வகை வெயிலில் மஞ்சளடித்துவிடும். வெளிர்நிறக் கல்லில் அது அப்பட்டமாகத் தெரியும்.

வாட்டர் ஜெட் அடித்துப் பாசியை எடுக்க ஒரு நாள். எண்ணெய் ஊறிய இடம் கழுவிப் போகவில்லை, கிரைண்டரால் தேய்த்தே எடுத்தேன். வெடிப்பை எபாக்சிக் கலவையால் அடைத்தேன். அப்புறம் தளத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் அடியில் வியர்வை இல்லை. பிரைமர் அடித்தேன்.

கோட்டைவிட்டது கல்லில். கழுவி, கித்தானில் பரப்பி, ஒரு பகல் வெயிலில் காயவைத்தது போதும் என்று நினைத்தேன். தொட்டால் சுடச்சுட இருந்தது. முதல் மூட்டையைக் குழைத்துப் பரப்பிய அரை மணியில் கல்லுக்கிடையே பொடிப் பொடியாக நுரை கிளம்பியது. மறுநாள் அந்த ஒரு சதுர மீட்டரும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. ஈரம் பட்டால் இந்த ரெசின் கரியமில வாயுவைக் கக்கும். அதுதான் நுரை.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "என்னப்பா, வாசல்ல கடலை உருண்டை பிடிக்கிறியா? பாகுல தண்ணி நின்னுடுச்சு போல" என்றார். சிரித்தாலும் சொன்னது சரிதான்.

இரண்டாவது தடவை துத்தநாகத் தகட்டில் மெல்லிசாகப் பரப்பி, மூன்று நாள் வெயில். சாயங்கால மழைக்கு முன் உள்ளே இழுக்க வேண்டும், அதுதான் பெரிய பாடு. ஒரு கைப்பிடிக் கல்லைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி வெயிலில் வைப்பேன். உள்பக்கம் ஆவி படிந்தால் இன்னும் காயவில்லை.

தளத்தில் பனி ஈரம் போக வேண்டும் என்பதால் காலை 10 மணிக்குத்தான் ஆரம்பித்தேன். டின்னில் போட்டிருந்த இறுகும் நேரம் 20 டிகிரிக்கு, இங்கே 33, ரெசின் இன்னும் சீக்கிரம் இறுகிவிடும். ஆகவே ஒரு மூட்டைக்கு மேல் ஒரே சமயத்தில் குழைக்காதீர்கள். கரண்டியைத் தின்னர் நனைத்த துணியால் அடிக்கடி துடைத்தால்தான் கல் ஒட்டிக்கொண்டு வராது. ஐந்து மூட்டையும் மதியம் 2 மணிக்குள் முடிந்தது.

முதல் பெருமழையில் குடையோடு போய் நின்று பார்த்தேன். தண்ணீர் மேலே தேங்கவில்லை. ஆனால் அடியில் சிமெண்டு, பூமிக்குள் இறங்க வழியில்லை. கல்லுக்குள் புகுந்து, பழைய தளத்தின் சரிவிலேயே ஓடி, கால்வாய் ஓரத்தில் கசிந்தது. சரிவில்லாத தளத்தில் இதைப் போட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.

வெளுத்த சதுரத்தின் மேல் இப்போதைக்கு அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டி. அடுத்த பாதிக்குக் கல் காய்கிறது. இன்று காலை போத்தலில் இன்னும் கொஞ்சம் ஆவி.