மகரந்தத் தும்மலில் கொழுப்புக்கு என்ன வேலை?

1994-இல், கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, கொழுப்பை வெறும் சேமிப்புக் கிடங்காகப் பார்க்க முடியாமல் போனது. 'போதும், சாப்பிடாதே' என்று மூளைக்குச் சேதி சொல்லும் ஹார்மோன் இது. இதன் மூலக்கூறு வடிவம், நோய் எதிர்ப்புச் செல்கள் சேதி பரிமாறப் பயன்படுத்தும் இன்டர்லூகின்-6 என்ற புரதக் குடும்பத்தை ஒத்தது. அதனால் நோய் எதிர்ப்புச் செல்களும் இதன் பேச்சைக் கேட்கின்றன.

மூக்குக்குள் என்ன நடக்கிறது? மகரந்தம் பட்ட சில நிமிடங்களில் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். தும்மல், அரிப்பு, நீர்வடிதல் எல்லாம் அதனால்தான். சில மணி நேரம் கழித்து இயோசினோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து இறங்கும். விடாத மூக்கடைப்பில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. சீக்கிரம் மடிய வேண்டிய இந்தச் செல்கள், சோதனைக்கூடத்தில் லெப்டின் சேர்த்தால் கூடுதல் நேரம் உயிரோடிருக்கின்றன. இன்னொரு கொழுப்பு ஹார்மோனான அடிபோனெக்டின் பெரும்பாலும் அழற்சியைத் தணிக்கும். உடல் பருக்கப் பருக்க லெப்டின் ஏறும், அடிபோனெக்டின் இறங்கும்.

இதை வைத்துக் கொழுப்புதான் அலர்ஜிக்குக் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. அலர்ஜியைத் தொடங்கிவைப்பது மகரந்தத்துக்கு எதிரான ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்புப் புரதம்; அது ஒல்லியானவர்களுக்கும் உருவாகும். பருமனுக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு தெளிவாக இருக்கிறது. மூக்கு அலர்ஜியில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

ஆகவே லெப்டின் ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிக்காதீர்கள். ஒரே எடையுள்ள ஆணைவிடப் பெண்ணுக்கு லெப்டின் அதிகம், இரவில் ஏறும், ஒருநாள் பட்டினியில் சரியும். எந்த எண் வந்தாலும் அலர்ஜிக்கான மருந்து மாறாது.

கவனிக்க வேண்டியது மாத்திரையை. மூளையில் ஹிஸ்டமின் பசியை அடக்கும். லெப்டினின் வேலையில் ஒரு பகுதி அதன் வழியாகவே நடக்கிறது. சைப்ரோஹெப்டடின், கீட்டோடிஃபென் போன்ற அலர்ஜி மாத்திரைகள் மூளைக்குள் புகுந்து, ஹிஸ்டமினைத் தடுத்து, பசிக்குப் போட்ட அந்தப் பூட்டைத் திறந்துவிடும். மகரந்தப் பருவம் முடிவதற்குள் எடை கூடுகிறதென்றால், மூளைக்குள் அதிகம் நுழையாத ஃபெக்சோஃபெனடின் ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

விடாத மூக்கடைப்புக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேதான் கைகொடுக்கும். பருவத்துக்கு 1–2 வாரம் முன்பே தொடங்குவது நல்லது. தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் அடியுங்கள். அப்போது முனை தானாக வெளிப்பக்கம் திரும்பும். இரு மூக்குத் துளைகளுக்கும் நடுவிலுள்ள தண்டின் மேல் அடித்தால் ரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். இரண்டே நாளில் 'கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் பெரிய தவறு. முழுப் பலன் தெரிய 2 வாரம்கூட ஆகலாம்.